மூன்று வண்ணக் கண்ணாடித் தகடுகள்

ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ நகரில் 1831ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் பிறந்தார். தந்தையார் ஜான் ஒரு வழக்கறிஞர். தாயார் பெயர் பிரான்சிஸ். ஜேம்ஸின் இளமைப் பருவம் கிளென்லேர் என்னும் நாட்டுப்புற வீட்டில் கழிந்தது. பூட்டு, அழைப்புமணிக் கம்பி, ஓடை நீர் என எதைக் கண்டாலும் அது எப்படி இயங்குகிறது என்று கேட்டுப் பெரியவர்களைத் துளைத்தெடுப்பது அவருடைய வழக்கம். ஒரு முறை ஒரு கல்லைக் காட்டி அது நீல நிறக் கல் என்று பெரியவர் ஒருவர் கூறினார். அது நீலம்தான் என்பது எப்படித் தெரியும் என்று சிறுவன் திருப்பிக் கேட்டான். குழந்தைகள் கேட்கும் ஆயிரம் கேள்விகளுள் ஒன்றாக அது மறக்கப்பட்டிருக்கலாம். மேக்ஸ்வெல் அதை விடவில்லை.

அவருக்கு எட்டு வயதானபோது தாயார் வயிற்றுப் புற்றுநோயால் காலமானார். பத்து வயதில் அவர் எடின்பரோ அகாடமியில் சேர்க்கப்பட்டார். தந்தையார் தாமே வடிவமைத்துத் தந்த சட்டையும் சதுர முனைக் காலணியும் அணிந்து, நாட்டுப்புறப் பேச்சுவழக்கோடு வகுப்பில் நுழைந்த அவரை மாணவர்கள் சூழ்ந்துகொண்டு கேலி செய்தனர். முதல் நாளே கிழிந்த உடையோடு வீடு திரும்பினார். கிறுக்கன் என்னும் பொருள்படும் டாஃப்டி என்ற பட்டப்பெயரும் அவரோடு ஒட்டிக்கொண்டது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாணவர்தான் 14ஆம் வயதில் நூலையும் ஊசிகளையும் கொண்டு முட்டைவடிவ வளைகோடுகளை வரையும் முறையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். எடின்பரோ அரச கழகத்தின் கூட்டத்தில் பேசும் வயது அவருக்கு இல்லை. எனவே, ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்னும் பேராசிரியர் 1846இல் அக்கட்டுரையை அங்கே படித்தார்.

பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அதே ஃபோர்ப்ஸிடம் மேக்ஸ்வெல் மாணவரானார். வண்ணத் தாள்கள் ஒட்டிய வட்டுகளை வேகமாகச் சுழற்றி, வண்ணங்கள் கண்ணில் எப்படிக் கலக்கின்றன என்று ஃபோர்ப்ஸ் ஆராய்ந்துகொண்டிருந்தார். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை வரும் என்பது ஓவியர் அனைவரும் அறிந்தது. ஆனால், சுழலும் வட்டில் பச்சை வரவே இல்லை. இளஞ்சிவப்புச் சாயல்தான் தெரிந்தது. இந்தப் புதிருக்கு மேக்ஸ்வெல் விடை கண்டார். சாயங்கள் ஒளியின் சில பகுதிகளை விழுங்கிவிடுகின்றன. நீலச் சாயமும் மஞ்சள் சாயமும் சேரும்போது இரண்டும் விழுங்காமல் விட்ட பச்சை மட்டுமே மிஞ்சுகிறது. சுழலும் வட்டிலோ எதுவும் விழுங்கப்படுவதில்லை. இரண்டு ஒளிகளும் கண்ணுக்குள் சென்று கூடுகின்றன. சாயத்தைக் கலப்பது கழித்தல் என்றால், ஒளியைக் கலப்பது கூட்டல்.

1850இல் கேம்பிரிட்ஜ் சென்ற மேக்ஸ்வெல், 1854இல் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். அங்கே அவர் தமக்கென ஒரு வண்ணப் பம்பரத்தைச் செய்துகொண்டார். அதன் விளிம்பு 100 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய தாள்கள் வெளிவட்டத்திலும் கறுப்பு, வெள்ளைத் தாள்கள் உள்வட்டத்திலும் அமைந்தன. சிவப்பு 37 பங்கு, நீலம் 27 பங்கு, பச்சை 36 பங்கு எனத் தாள்களை வைத்துச் சுழற்றினால் சாம்பல் நிறம் தோன்றும். அது வெள்ளை 28 பங்கும் கறுப்பு 72 பங்கும் சேர்ந்த சாம்பல் நிறத்தோடு முழுமையாகப் பொருந்தியது. அதுவரை சொற்களால் மட்டும் கூறப்பட்ட நிறம் இப்போது எண்களாக மாறியது. கல் நீலம் என்பதைச் சொல்ல ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது.

நம் கண்ணில் மூன்று வகை உணர்வுகள் மட்டுமே உள்ளன, மற்ற நிறங்கள் எல்லாம் அவற்றின் கலவையே என்று தாமஸ் யங் என்னும் அறிஞர் அரை நூற்றாண்டுக்கு முன்பே கருதியிருந்தார். பம்பரத்தின் எண்கள் அக்கருத்தை வலுப்படுத்தின. 1855இல் வெளியான கட்டுரையில் மேக்ஸ்வெல் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று கண்ணாடிகளின் வழியே தனித்தனியாகக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுக்க வேண்டும். பிறகு, அந்தந்த நிற ஒளியிலேயே அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வீழ்த்த வேண்டும். அப்படிச் செய்தால் காட்சியின் உண்மை நிறங்கள் திரும்பி வரும். ஒளிப்படக்கலையே இளமைப் பருவத்தில் இருந்த காலம் அது.

அவர் அபர்டீன் நகரில் பேராசிரியரான ஆண்டு 1856. அதே ஆண்டில் அவருடைய தந்தையார் மறைந்தார். அபர்டீனில் இருந்தபோது சனிக்கோளின் வளையங்கள் எதனால் ஆனவை என்ற கேள்வியை அவர் கணிதத்தால் ஆராய்ந்தார். வளையம் திடப்பொருளாக இருந்தால் நிலைக்காது; திரவமாக இருந்தாலும் சிதறிவிடும். ஆகவே, எண்ணற்ற சிறு துண்டுகள் தனித்தனியே சனியைச் சுற்றிவருகின்றன என்ற முடிவுக்கு வந்தார். அந்த ஆய்வுக்கு ஆடம்ஸ் பரிசு கிடைத்தது. தொலைநோக்கியில் எவராலும் பார்க்க முடியாத ஒன்றைத் தாளும் பேனாவும் கொண்டு அவர் கண்டறிந்தார்.

1858இல் கேத்ரின் டூவர் என்பவரை மணந்தார். இரண்டு ஆண்டுகளில் அபர்டீனின் இரு கல்லூரிகள் ஒன்றாக இணைக்கப்பட்டபோது மேக்ஸ்வெல்லின் வேலை போயிற்று. லண்டன் கிங்ஸ் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. லண்டன் வீட்டின் மாடியறையில் நீண்ட மரப்பெட்டி ஒன்று இருந்தது. சூரிய ஒளியை வண்ணங்களாகப் பிரித்து, வேண்டியவற்றை மட்டும் கலந்து பார்ப்பதற்காக அதை அமைத்திருந்தார். கணவனும் மனைவியும் மாறி மாறி அதனுள் பார்த்து அளவெடுத்தனர். சவப்பெட்டிக்குள் மணிக்கணக்காக உற்றுப் பார்க்கும் இவர்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று அண்டை வீட்டார் எண்ணினராம். கேத்ரினின் அளவுகள் கணவரின் அளவுகளோடு முழுதும் ஒத்துப்போகவில்லை. இரு கண்கள் ஒரே நிறத்தை ஒரே மாதிரி காண்பதில்லை என்பதையும் அந்தப் பெட்டி காட்டியது.

1861ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மேக்ஸ்வெல் விரிவுரை ஆற்ற வேண்டியிருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் எழுதியதைச் செய்து காட்ட அவர் விரும்பினார். தாமஸ் சட்டன் என்னும் ஒளிப்படக் கலைஞர் உதவ முன்வந்தார். பல நிறக் கட்டங்கள் கொண்ட ஸ்காட்லாந்து நாடா ஒன்றைப் பூப்போல் முடிந்து, கறுப்பு வெல்வெட் துணியின்மீது வைத்தனர். வண்ண வடிகட்டிகளாக நிறக் கரைசல் நிரம்பிய கண்ணாடித் தொட்டிகளை வில்லைக்கு முன் வைத்தனர்.

வடிகட்டிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல் எழுந்தது. மருந்துக்கடைக்காரர்கள் கடையின் முகப்பில் அழகுக்காக வைக்கும் புட்டிகளில் உள்ள அதே நீலக் கரைசலைச் சட்டன் பயன்படுத்தினார். ஆறே விநாடிகளில் தெளிவான படம் கிடைத்தது. அடுத்து, செப்புக் குளோரைடு கலந்த பச்சைக் கரைசலை வைத்தார். பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தும் தகட்டில் ஒரு சுவடுகூட விழவில்லை. கரைசலில் தண்ணீர் கலந்து, பச்சையை மிகவும் வெளிற வைத்தார். மீண்டும் பன்னிரண்டு நிமிடம் கழித்து ஓரளவு படம் கிடைத்தது. அடர்சிவப்புக் கரைசலுக்கு எட்டு நிமிடம் பிடித்தது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தகடுதான். அக்காலத்து ஈரக் கொலோடியன் தகடுகள் நீல ஒளியையும் அதற்கு அப்பால் உள்ள புற ஊதாக் கதிர்களையும் மட்டுமே உணரக்கூடியவை. பச்சையை அவை ஏறக்குறைய உணரமாட்டா. சிவப்பை உணரவே மாட்டா. வடிகட்டி எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் தகட்டுக்குக் கண் இல்லையென்றால் பயன் என்ன? சட்டன் பச்சைக் கரைசலை நீர்க்கச் செய்ததும் இதனால்தான். வடிகட்டி சற்றுத் தளர்ந்தால்தான் தகடு உணரக்கூடிய ஒளியும் கொஞ்சம் உள்ளே வரும். நிறத்தின் தூய்மை வேண்டுமா, போதிய ஒளி வேண்டுமா என்ற இந்த இழுபறி இன்றும் தீரவில்லை.

விரிவுரை நாளன்று மூன்று விளக்குகள் மூன்று படங்களைத் திரையில் ஒன்றாக வீழ்த்தின. நாடாவின் நிறங்கள் ஓரளவு தோன்றின. மேக்ஸ்வெல் வெற்றி முழக்கம் செய்யவில்லை. தகடுகள் நீல ஒளியை உணர்வதுபோல் மற்ற ஒளிகளையும் உணர்ந்திருந்தால் படம் இன்னும் உண்மையாக இருந்திருக்கும் என்று அவையினரிடம் வெளிப்படையாகக் கூறினார். ஆனாலும், ஒரு புதிர் எஞ்சியது. சிவப்பை உணராத தகட்டில் சிவப்புப் படம் எப்படி விழுந்தது?

அதன்பின் அவர் கவனம் வேறு திசையில் சென்றது. மின்சாரமும் காந்தமும் ஒளியும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை 1865இல் வெளியான கட்டுரையில் சமன்பாடுகளால் காட்டினார். வானொலி முதல் கைத்தொலைபேசி வரை அனைத்தும் அந்தச் சமன்பாடுகளுக்குக் கடன்பட்டவை. உலகம் அவரை நினைவில் வைத்திருப்பதும் பெரும்பாலும் அதற்காகவே. 1871இல் கேம்பிரிட்ஜ் அவரை அழைத்தது. அங்கே கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தை உருவாக்கி, அதன் முதல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1879ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் தம் 48ஆம் வயதில் காலமானார். தாயாரைக் கொண்டுபோன அதே நோய்தான் அவரையும் கொண்டுபோனது.

சிவப்புப் படத்தின் புதிருக்கு 1961இல்தான், அதாவது சரியாக நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, விடை கிடைத்தது. கோடக் நிறுவன ஆய்வாளர்கள் அதே வகைக் கரைசல்களைத் தயாரித்துச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தனர். சிவப்புக் கரைசல் சிவப்பு ஒளியை மட்டும் விடவில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியையும் உள்ளே விட்டது. நாடாவின் சிவப்புச் சாயமும் அதே கதிர்களை எதிரொளித்தது. தகட்டில் பதிந்தது சிவப்பே அன்று, புற ஊதா! இரண்டு பிழைகள் தற்செயலாக ஒன்றுக்கொன்று பொருந்தியதால் சரியான படம் கிடைத்தது. மேக்ஸ்வெல்லின் கருத்து சரி. அன்றைய சான்று மட்டும் நல்வாய்ப்பால் அமைந்தது. 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்னும் ஜெர்மானியர், சாயம் கலந்தால் தகடுகளைப் பச்சை ஒளியையும் உணரச் செய்யலாம் என்று கண்டறிந்தார். அதற்குப் பிறகே மூன்று வண்ண முறை உண்மையான அடித்தளம் பெற்றது.

இன்று விண்மீன்களைப் படமெடுப்போர் பலர் கறுப்பு வெள்ளைக் கருவியையே விரும்பி வாங்குகின்றனர். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு புள்ளியின் மீதும் சிறு வண்ண வடிகட்டி நிலையாக ஒட்டப்பட்டிருக்கும். கறுப்பு வெள்ளைக் கருவியிலோ வேண்டிய வடிகட்டியை வேண்டிய நேரத்தில் மாற்றலாம். அவர்களுக்கும் சட்டனின் சிக்கல் உண்டு, தலைகீழாக. இக்காலத்து உணரிகள் சிவப்பையும் தாண்டி அகச்சிவப்புக் கதிர்களைக்கூட உணர்கின்றன. ஆகவே, நல்ல சிவப்பு வடிகட்டி சிவப்பை விடுவதோடு அகச்சிவப்பைத் தடுக்கவும் வேண்டும். இல்லையென்றால் விண்மீன்கள் ஊதிப் பெருத்துத் தெரியும். விளக்கொளி மிகுந்த நகரங்களில் இருப்போர், ஹைட்ரஜன் வாயு வெளியிடும் 656 நானோமீட்டர் சிவப்பொளியை மட்டும் விடும் குறுகிய வடிகட்டியைத் தேர்ந்தெடுக்கின்றனர். தெருவிளக்கின் ஒளி பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். அதற்கு ஈடாகப் படமெடுக்கும் நேரம் பல மடங்கு நீளும்.

காசினி விண்கலம் 2004இல் சனிக்கோளை அடைந்தது. அதிலிருந்த இரு ஒளிப்படக் கருவிகளும் கறுப்பு வெள்ளைக் கருவிகளே. ஒன்றில் 24 வடிகட்டிகள், மற்றொன்றில் 18 வடிகட்டிகள் இருந்தன. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே எடுத்த படங்களைப் பூமியில் ஒன்றுசேர்த்தபோது, சனியின் வளையங்கள் தம் வெளிர்மஞ்சள், பழுப்பு நிறங்களோடு தெரிந்தன. அவ்வளையங்களுக்கு நடுவே உள்ள ஓர் இடைவெளிக்கு மேக்ஸ்வெல்லின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. நாடாவைப் படமெடுத்த மூன்று கண்ணாடித் தகடுகளோ, எடின்பரோவின் இந்தியா தெருவில் 14ஆம் எண்ணுள்ள வீட்டில், அவர் பிறந்த அதே வீட்டில், இப்போது பாதுகாக்கப்படுகின்றன.