50 சென்ட் புத்தகம்... ஓர் அடிமைச் சிறுவனைப் பேச்சாளராக்கிய கதை!

ஒருத்தர் மேடையில் ரொம்ப நல்லா பேசுறார். அதனாலேயே அவர் சொல்ற சொந்தக் கதையை யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. ஃப்ரெட்ரிக் டக்ளஸுக்கு இதுதான் நடந்தது.

1818-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர் டக்ளஸ். பிறந்த தேதிகூட அவருக்குத் தெரியாது. கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மாவிடமிருந்து பிரித்துவிட்டார்கள். வேறு பண்ணையில் வேலை பார்த்த அம்மா, ராத்திரியில் நடந்தே வந்து மகனைத் தூங்கவைத்துவிட்டு, விடிவதற்குள் திரும்பிப் போய்விடுவார். அம்மாவை அவர் பார்த்ததே நாலைந்து முறைதான்.

எட்டு வயதுவாக்கில் பால்டிமோரில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். வீட்டு எஜமானி சோஃபியா ஆல்ட் எழுத்து சொல்லித்தர ஆரம்பிக்க, கணவர் ஹியூ தடுத்துவிட்டார். படிச்சுட்டா இவன் அடிமையா இருக்க மாட்டான்னு பயம். அப்போ படிப்புதான் விடுதலைக்கு வழின்னு பையனுக்குப் புரிஞ்சுபோச்சு! தெருவில் இருந்த ஏழை வெள்ளைக்காரச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து, பதிலுக்குப் பாடம் கற்றார்.

சுமார் 12 வயதில், 50 சென்ட் கொடுத்து ஒரு புத்தகம் வாங்கினார். பெயர் 'தி கொலம்பியன் ஒரேட்டர்'. அந்தக் காலத்துப் பள்ளிகளில் பேச்சுப் பயிற்சிக்கு வைத்திருந்த பாடநூல். தப்பியோடிப் பிடிபட்ட ஓர் அடிமையும் எஜமானும் வாதம் செய்யும் உரையாடல் ஒன்று அதில் உண்டு. அடிமை கெஞ்சவில்லை, எஜமானின் ஒவ்வொரு நியாயத்துக்கும் பதில் சொல்கிறான். கடைசியில் எஜமானே அவனை விடுதலை செய்கிறார். டக்ளஸ் இதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

1838 செப்டம்பர் 3. மாலுமி உடை, இரவல் வாங்கிய அடையாளத்தாள், ரயில் பயணம். 24 மணி நேரத்துக்குள் நியூயார்க்!

1841-ல் நான்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்பு மாநாட்டில் பேசினார். அதன்பிறகு ஊர் ஊராக மேடைகள். ஆனா, இவ்வளவு தெளிவா பேசுறவர் அடிமையா இருந்திருக்கவே முடியாதுன்னு சந்தேகம் கிளம்பிச்சு. பிடிபடாமல் இருக்க, எஜமானின் பெயரையும் ஊரையும் மேடைகளில் மறைத்தே வந்திருந்தார்.

1845-ல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். பெயர், ஊர், எல்லாமே அதில் அப்பட்டம்! உலகம் நம்பியது. கூடவே, எஜமான் ஆள் அனுப்பிப் பிடிக்கும் ஆபத்தும் வந்தது. சட்டப்படி அவர் இன்னும் அடிமைதானே? அயர்லாந்து, பிரிட்டன் என்று கிட்டத்தட்ட இரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்தார். 1846-ல் அங்கிருந்த நண்பர்கள் 150 பவுண்டு திரட்டி விடுதலை வாங்கிக் கொடுத்தார்கள். விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தவர், அன்று எழுத்தைத் தடுத்த அதே ஹியூ!

1852 ஜூலை 5-ல் ராசெஸ்டரில் அவர் பேசிய சுதந்திர தின உரையைக் கவனிங்க. முதலில் நாட்டை உருவாக்கியவர்களைப் பாராட்டினார். கூட்டம் மனசு இளகியதும், இந்தக் கொண்டாட்டத்தில் அடிமைக்கு என்ன பங்கு என்று கேட்டார். சிறுவயதில் படித்த அதே பாடம்தான்: கெஞ்சாதே, வாதம் செய்!

1895 பிப்ரவரி 20-ல் இறந்தார். அன்று பகலில்கூட அவர் போயிருந்தது, பெண்கள் உரிமைக்கான ஒரு கூட்டத்துக்குத்தான்.