குண்டு மழையில் ஒரு சிரிப்பு!

1914-ம் ஆண்டு குளிர்காலம். முதல் உலகப் போர் மூண்டு சில மாதங்களே ஆகியிருந்தன.

பெல்ஜியம் நாட்டு வயல்களில் நீண்ட பதுங்கு குழிகள் வெட்டப்பட்டிருந்தன. இந்தப் பக்கம் ஆங்கிலச் சிப்பாய்கள். எதிர்ப்பக்கம் ஜெர்மானியர்கள். குழிக்குள் முழங்கால் அளவு சேறு. தலையைத் தூக்கினால் குண்டு பாயும்!

அந்தச் சேற்றில் நின்ற இளம் அதிகாரி ஒருவர், பிறகு ஒரு நாட்டையே சிரிக்க வைத்தார். அவர்தான் புரூஸ் பேர்ன்ஸ்பாதர்.

மலை ஊரில் பிறந்தவர்

1887-ம் ஆண்டு மர்ரி என்ற மலை ஊரில் அவர் பிறந்தார். அன்று அது இந்தியாவில் இருந்தது. இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. தந்தை ராணுவ அதிகாரி. படிப்புக்காகச் சிறு வயதிலேயே மகனை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

மகனும் ராணுவத்தில் சேர்ந்தார். மனமோ ஓவியத்தில் இருந்தது. வேலையை உதறிவிட்டு ஓவியம் கற்றார். ஓவியம் சோறு போடவில்லை. மின்சார விளக்கு அமைக்கும் வேலைக்குப் போனார்.

போர் வந்தது. மறுபடியும் ராணுவ உடை!

பொத்தான் மாற்றிய பகைவர்கள்

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ஓர் அதிசயம் நடந்தது. இரு தரப்புச் சிப்பாய்களும் துப்பாக்கியை வைத்துவிட்டு, நடு வெளியில் கூடிப் பேசினார்கள். பேர்ன்ஸ்பாதரும் ஒரு ஜெர்மன் அதிகாரியும் சட்டைப் பொத்தான்களை வெட்டி மாற்றிக்கொண்டார்கள்!

பிறகு பழையபடி சண்டை.

இடிந்த வீடு ஒன்றில் தங்கியபோது, அதன் சுவர்களில் அவர் படம் கிறுக்கினார். குண்டு வெடித்து வீடு குலுங்கும்போது உள்ளே இருப்பவர்கள் திருதிருவென விழிப்பதை வரைந்து, லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். அது அச்சில் வந்தது.

1915 ஏப்ரலில் ஈப்பர் நகர்ப் போரில் பீரங்கிக் குண்டு அவர் அருகிலேயே வெடித்தது. காது பாதிக்கப்பட்டது. நரம்புத் தளர்ச்சியும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் கிடந்தவரை வாராவாரம் படம் வரையும்படி பத்திரிகை கேட்டது. கலங்கிய மனதிலிருந்து சிரிப்புப் படங்கள் பிறந்தன!

மீசைக்காரக் கிழவர்

அவர் படைத்த சிப்பாயின் பெயர் ஓல்டு பில். தொங்கு மீசை, தலையில் கம்பளிக் குல்லாய், வாயில் புகைக்குழாய், சிடுசிடுத்த முகம்.

ஒரு படத்தில், குண்டுகள் பறக்கும் வெளியில் இருவர் ஒரு பள்ளத்தில் ஒடுங்கியிருக்கிறார்கள். கூட இருப்பவன் முணுமுணுக்கிறான். இதைவிட நல்ல பள்ளம் தெரிந்தால் அங்கே போய்க்கொள்ளும்படி எரிந்து விழுகிறார் பில்!

இன்னொரு படத்தில் சுவரில் பெரிய ஓட்டை. அது எப்படி வந்தது என்று புதுச் சிப்பாய் கேட்கிறான். எலி செய்த வேலை என்கிறார் பில்!

தினமும் ஒரே பழ ஜாம் தின்று அலுத்த கதையையும் அவர் விடவில்லை.

சிப்பாய்கள் படங்களை வெட்டிப் பதுங்கு குழியில் ஒட்டிக்கொண்டார்கள். ஆனால் பாராளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. வீரர்களைக் கேலி செய்கிறாராம்! சேற்றில் நிற்காதவர்களுக்குத்தான் அது கேலியாகத் தெரிந்தது.

ராணுவத்துக்குப் பிறகு புத்தி வந்தது. மற்ற நேச நாட்டுப் படைகளையும் வரைய அவரையே அனுப்பியது. பில் கிழவர் நாடகத்தில் வந்தார். 1926-ல் சினிமாவிலும் வந்தார்.

இரண்டாம் உலகப் போரில் பேர்ன்ஸ்பாதர் அமெரிக்கப் படைக்காகப் படம் வரைந்தார். 1959-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி, 72-வது வயதில் காலமானார்.

அவர் சுவரில் கிறுக்கிய வீடு இருந்த பெல்ஜியம் கிராமத்தில், பிற்காலத்தில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள்.