கலெக்டர் சல்லிவனின் ‘கல் பங்களா’: ஊட்டியின் முதல் வீடும் சோலைகள் கொடுத்த விலையும்

ஊட்டி ஏரி, மலை ரோடு, கோஸ், உருளைக்கிழங்கு... எதை எடுத்தாலும் கடைசியில் ஒரே பெயரில்தான் போய் நிற்கும்: ஜான் சல்லிவன். ஊட்டியை உருவாக்கிய கோயம்புத்தூர் கலெக்டர். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால், அவர் அங்கே ஒரு வீடு கட்டிக் குடியேறியதும், அதைப் பார்த்து ஒரு ஊரே மலையேறியதும், அந்த ஊருக்கு விறகு கொடுத்தே சோலைகள் தேய்ந்ததும் அவ்வளவாகப் பேசப்படாத கதை. இன்றைக்கு மலையில் சின்னதா ஒரு காட்டேஜ் போடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

யார் இந்த சல்லிவன்?

1788-ல் லண்டனில் பிறந்தவர். 1804-ல், இப்போது பிளஸ் ஒன் படிக்கிற வயசில், கிழக்கிந்திய கம்பெனியின் எழுத்தராகச் சென்னை மாகாணத்துக்கு வந்துவிட்டார். 1815-ல் கோயம்புத்தூர் கலெக்டர் பொறுப்பு. அப்போது நீலகிரி அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 1818-ல் அவருடைய உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் மேலே போய்விட்டு வந்து மலையின் குளிரைப் பற்றிச் சொல்ல, அடுத்த வருஷமே சல்லிவன் கிளம்பிவிட்டார். சரியான ரோடு கிடையாது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டி வரை ஏறினார்.

அங்கே கன்னேரிமுக்கில் அவர் கட்டியதுதான் ‘பெத்தகல் பங்களா’. ரொம்ப காலம் பாழடைந்து கிடந்து, பிறகு சீரமைக்கப்பட்டு, இப்போது சல்லிவன் நினைவகமாக நிற்கிறது. சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்கு ரோடு போடும் வேலையில் கைதிகள் இறக்கப்பட்டார்கள். 1823-ல் அது முடிந்தது.

அதற்குள் அவர் இன்னும் உள்ளே, தோடர்களின் ஒத்தைக்கல்மந்துக்குப் போய்விட்டார். அவர்களிடம் சொற்ப விலைக்கு நிலம் வாங்கி 1822-ல் ஸ்டோன்ஹவுஸ் வேலையைத் தொடங்கினார். படகர்களுக்கு அது ‘கல் பங்களா’. மனைவி ஹென்ரியட்டாவும் வந்து சேர்ந்தார். தோட்டம் போட்டார், ஏரி வெட்டினார். 1826-ல் கவர்னர் தாமஸ் மன்றோவே விருந்தாளியாக வந்தார். அப்புறம் என்ன, மெட்ராஸ் வெயிலில் வாடிய வெள்ளைக்காரர்கள் வரிசை கட்டினார்கள்.

கல் சரி, மரம்?

இங்கேதான் சிக்கல். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, பள்ளங்களில் ஒதுங்கி வளர்வது சோலைக்காடு. காற்றுக்கும் குளிருக்கும் ஒடுங்கி, கிளை முறுக்கி, மெதுவாக வளர்கிற மரங்கள். மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து ஓடைக்குக் கொடுப்பதுதான் அவற்றின் பெரிய வேலை. பெரிய கூரையைத் தாங்கும் நீளமான, நேரான உத்தரம் அதில் எங்கே கிடைக்கும்? 1829-ல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயமே சாட்சி. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையில் பெயர்த்து எடுக்கப்பட்டு, மலைமேல் கொண்டுவரப்பட்டவை.

இத்தனைக்கும் பக்கத்திலேயே வேறு மாதிரி வீடுகள் இருந்தன. தோடர்களின் வீட்டைப் பார்த்திருப்பீர்கள்: பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். வளைத்த மூங்கில், பிரம்புக் கட்டு, மேலே சதுப்பில் அறுத்த புல். தவழ்ந்துதான் உள்ளே போக முடியும் என்கிற அளவுக்குச் சின்ன வாசல், குளிர் நுழையாது. கூரை நைந்தால் புதுப் புல். மலையின் தச்சு வேலைக்கும் கொல்லு வேலைக்கும் கோத்தர்கள் இருந்தார்கள். அறுத்தது திரும்ப முளைக்கும் என்கிற கணக்கில் நடந்த கட்டுமானம் அது.

புதிய ஊரின் கணக்கு வேறு. வீடு கட்ட ஒரு தடவை மரம் வேண்டும். கணப்புக்கும் அடுப்புக்கும் தினமும் வேண்டும். உத்தரத்தைவிட விறகுதான் சோலையை அதிகம் தின்றது. ஈடுகட்ட, வேகமாக வளரும் ஆஸ்திரேலிய மரங்கள் வந்தன. 1832 வாக்கில் அக்கேசியா, 1843-ல் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸ். சுதந்திரத்துக்குப் பிறகு வனத்துறையே புல்வெளிகளில் சீகையையும் கற்பூர மரத்தையும் பரப்பியது, தோல் பதனிடவும் செயற்கைப் பட்டு இழைக்கும். அந்த விஸ்கோஸ் ஆலை இருந்த ஊர் எது தெரியுமா? சல்லிவனின் ரோடு தொடங்கிய அதே சிறுமுகை! புல்வெளியும் சதுப்பும் சுருங்கியதில், தோடர்கள் கூரைக்கான புல்லைத் தேடி அலைய வேண்டியதாகிவிட்டது.

இதையெல்லாம் சல்லிவன் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. நிலம் தோடர்களுடையது, எடுத்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்று கம்பெனி அரசோடு மல்லுக்கட்டியவரும் அவர்தான். கவர்னர் லஷிங்டனோடு ஒத்துப்போகவில்லை. 1830-ல் கோவை கலெக்டர் பதவியும் போய், நீலகிரியின் பெரும்பகுதி மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. ஆனால், அவரே நிறைய நிலத்தை வளைத்துப் போட்டிருந்தார் என்பதும் உண்மை. அந்த முரண்பாட்டை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாட முடியாது.

1838-ல் மனைவியும் மகள் ஹாரியட்டும் இறந்தார்கள். திப்பு அரண்மனை மரம் தாங்குகிற அந்தத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். 1841-ல் சல்லிவன் இங்கிலாந்து திரும்பி, 1855-ல் காலமானார். கல் பங்களா இப்போது ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது.

இப்போது கட்டுகிறவர்கள் என்ன செய்யலாம்?

சோலை மரத்தில் கைவைக்கவே கூடாது. மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும், சொந்த எஸ்டேட்டில் நிற்கிற மரமாக இருந்தாலும். அந்நிய மரங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்க 2022-ல் தமிழக அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அப்படி வெளியே வரும் மரம், டீ எஸ்டேட்டில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக், இடித்த பங்களாக்களின் பழைய தேக்கு: தேடினால் சின்ன வீட்டுக்கு வழி உண்டு. கற்பூர மரத்தில் மட்டும் கவனம். காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும். அறுத்து, பாரம் ஏற்றி, நிழலில் மெதுவாக உலர்த்தாமல் ஜன்னல் சட்டம் அடித்தால், முதல் கோடையிலேயே கதவு சாத்தாது.