பாலைவனத்தில் கிடைத்த நிறைவு

ஆஸ்தி இருந்தால் மனம் நிறையும் என்று நாம் எண்ணுகிறோம். ஆஸ்தியும் புகழும் கைநிறைய இருந்தும் மனம் வெறுமையாய்க் கிடந்த ஒருவரின் சரித்திரம் இது.

சார்லஸ் தெ பூக்கோ 1858-ம் வருஷம் பிரான்சு தேசத்து ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பிரபுக்கள் குடும்பத்தில் பிறந்தார். ஆறு வயது நிரம்புமுன் தாய் தந்தை இருவரையும் இழந்தார். பாட்டனார் செல்லமாய் வளர்த்தார். வாலிபத்தில் விசுவாசம் அவரை விட்டு அகன்றது. பாட்டனார் 1878-ல் இறந்தபின் பெருஞ்சொத்து கைக்கு வந்தது. ராணுவ அதிகாரியாயிருந்த அவர் விருந்திலும் கேளிக்கையிலும் அதை வாரி இறைத்தார். அஞ்சிய உறவினர் நீதிமன்றத்தின் மூலம் அவர் செலவுக்குக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. விருந்து முடிந்து தனித்திருக்கையில் சொல்லொணாத் துயரம் அவரைப் பிடித்துக்கொள்ளும்.

1883-ல் யூத ரபியைப்போல் வேடம் தரித்து, கிறிஸ்தவர் நுழைய அஞ்சிய மொரோக்கோவில் பதினொரு மாதம் சுற்றி ஆராய்ந்தார். பாரிஸ் பூகோள சங்கம் தங்கப் பதக்கம் அளித்தது. ஆயினும் வெறுமை போகவில்லை. அங்கே முஸ்லிம்கள் நாள்தோறும் கடவுளைத் தொழுததைக் கண்டது மட்டும் அவர் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

1886 அக்டோபர் கடைசியில் பாரிஸ் அர்ச். அகுஸ்தீன் ஆலயத்தில் ஊவ்லேன் சுவாமியாரை அணுகி, வேத சத்தியங்களை விளக்கும்படி கேட்டார். சுவாமியாரோ முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார். அவர் கீழ்ப்படிந்தார், அன்றே தேவநற்கருணையும் உட்கொண்டார். அதுமுதல் சர்வேசுரனுக்காகவே வாழத் துணிந்தார்.

சில காலம் துறவற மடத்தில் இருந்தார். பின்பு சேசுநாதர் மறைந்து வாழ்ந்த நாசரேத்தூரில் கன்னியர் மடத்து வேலைக்காரராய், தோட்டத்துக் கொட்டகையில் வசித்தார். 1901-ல் குருப்பட்டம் பெற்று சகாரா பாலைவனம் சென்றார். 1905-ல் தமன்ராசெட் என்ற சிற்றூரில் துவாரெக் மக்களிடையே குடியேறி, அவர்கள் பாஷைக்கு அகராதி எழுதினார்.

உலகக் கணக்கில் அங்கே அவருக்குத் தோல்விதான். கூட வாழச் சகோதரர் எவரும் நிலைக்கவில்லை. பூசைக்குத் துணை நிற்க ஆளில்லாமல், அக்கால ஒழுங்குப்படி பல மாதம் பூசையும் செய்யக்கூடவில்லை. 1908 ஜனவரியில் நோயாய் விழுந்தார். அது பஞ்ச காலம். ஏழைத் துவாரெக் மக்கள் அக்கம்பக்கத்து ஆடுகளிலெல்லாம் தேடிக் கறந்த சொற்பப் பாலைக் கொடுத்துப் பிழைப்பித்தார்கள். கொடுக்க வந்தவர் பெற்றுக்கொள்ளவும் கற்றார். தனியாய்ப் பூசை செய்யும் அனுமதியும் அம்மாதக் கடைசியில் ரோமையிலிருந்து பிறந்தது. கையில் ஒன்றுமில்லாத அவர் அவ்விடத்தை விட்டு அகல விரும்பவில்லை.

1916 டிசம்பர் 1-ந் தேதி ஆயுதக் கூட்டத்தார் கையில் சுடப்பட்டு மாண்டார். அவர் வழியில் நடக்கும் சபைகள் பின்னரே தோன்றின. 2022 மே 15-ல், நம் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கிடைத்த அதே சடங்கில் இவருக்கும் கிடைத்தது.

பிள்ளைகள் தூரதேசம் போன வீடு, யாரும் பாராட்டாத உழைப்பு, பலன் காணாத ஜெபம்: இவ்வெறுமை நமக்கும் உண்டு. அதை விருந்தாலும் பொருளாலும் நிரப்பப் பார்த்துத் தோற்றவர் சார்லஸ். அவர் நிறைவு கண்டது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்ட பின்பே. இந்தச் சனிக்கிழமை நாமும் அங்கே போவோமாக.