மிளகாயில் மருந்து கண்ட மேதை

வெட்டி வைத்த அப்பிளும் உருளைக்கிழங்கும் சிறிது நேரத்திற் கபில நிறம் அடைவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். தோடம்பழமோ எலுமிச்சையோ அவ்வாறு மாறுவதில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடப் புகுந்த ஒருவர், கொடிய நோயொன்றைத் தடுக்கும் பொருளை உலகுக்கு இனங்காட்டினார். அவரே ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி அல்பேட் சென்ஜோர்ஜி.

1893ஆம் ஆண்டு புடாபெஸ்ற் நகரிற் பிறந்த அவர், முதலாம் உலகப் போரிற் படையிற் பணியாற்றி, 1917இல் மருத்துவரானார். பின்னர் நெதர்லாந்திலே தாவரங்களின் நிறமாற்றத்தை ஆராய்ந்தார். காற்றிலுள்ள ஒட்சிசன் தாவரப் பொருள்களைத் தாக்குவதே அதற்குக் காரணம். எலுமிச்சைச் சாற்றிலுள்ள ஏதோ ஒன்று அதனைத் தாமதப்படுத்துகிறது என்று கண்டார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அப்பொருளைப் பிரித்தெடுத்து, 1928இல் அச்செய்தியை வெளியிட்டார்.

தாயகம் திரும்பி செகெட் நகரிற் பேராசிரியரான பின், 1932இல், அப்பொருளே உயிர்ச்சத்து 'சி' என்பதைக் கினிப்பன்றிகளைக் கொண்டு நிறுவினார். பல்லீறுகளிற் குருதி கசிந்து, உடல் நலிந்து, கடலோடிகளை மாய்த்த ஸ்கேவி நோய் அதன் குறைவினாலேயே வருவது. ஆயினும் மேலும் ஆராயப் போதிய அளவு கிடைக்கவில்லை. ஒருநாள் இரவு மனைவி உணவில் வைத்த மிளகாயை உண்ண மனமின்றி ஆய்வுகூடத்திற்கு எடுத்துச் சென்றார். நமது மிளகாயின் இனத்தைச் சேர்ந்த அந்தப் பப்பிறிக்காவிலோ அச்சத்து நிறைந்திருந்தது! சில வாரங்களிற் கிலோக் கணக்கிற் பிரித்தெடுத்தார். 1937இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

உயிர்ச்சத்து 'சி' குருதிக் கலன்களின் சுவரை உறுதியாக்கும் புரதம் உருவாக உதவுகிறது. கலங்களைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுகளைத் தான் முதலில் எதிர்கொண்டு, தன்னையே ஒட்சியேற்றத்திற்கு உட்படுத்திப் பிறவற்றைக் காக்கிறது. 1936இல் தாவர நிறப்பொருள்களான பிளேவனொயிட்டுகளும் நுண்ணிய குருதிக் குழாய்களைக் காப்பன என்று கருதி, அவற்றிற்கு உயிர்ச்சத்து 'பி' எனப் பெயரிட்டார். அவை இன்றியமையாத உயிர்ச்சத்து அல்ல என்று பின்னர் தெளிவாகவே, அப்பெயர் கைவிடப்பட்டது. ஆனால் அவர் திறந்த ஆய்வு வழி இன்றும் தொடர்கிறது.

அறிவோடு அஞ்சாமையும் அவரிடம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் நாசிகளை எதிர்த்துச் செயற்பட்டமையால், ஹிட்லரின் ஆட்களிடமிருந்து தலைமறைவாக வாழ நேர்ந்தது. 1947இல் அமெரிக்கா சென்று, 1986இல் மறையும்வரை ஆராய்ச்சியைக் கைவிடாதிருந்தார்.

இக்காலத்தில் ஒட்சியேற்றத் தடுப்பு மாத்திரைகள் கடைகளிற் குவிந்துள்ளன. அவற்றை விழுங்குவதால் இதயநோய் குறைவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. காய்கனிகளை நிறைய உண்போருக்கோ இதயநோய் குறைவாகவே காணப்படுகிறது. மாணவச் செல்வங்களே, நம் உணவுத்தட்டில் உள்ள காய்கறியை ஒதுக்கி வைக்குமுன் அம்மேதையை எண்ணுவோம். அவர் ஒதுக்கிய மிளகாய்கூட ஆய்வுகூடத்திற்கே சென்றது, குப்பைக்குச் செல்லவில்லை!