காத்திருந்து வென்ற ஓட்டோ ரோம்

கண்ணாடியைப் போல ஒளியை உள்ளே விடும்; ஆனால் எடையோ அதில் ஏறக்குறையப் பாதிதான்; விழுந்தால் எளிதில் சிதறாது. இத்தகைய அக்ரிலிக் தகட்டை உலகுக்கு வழங்கியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மன் நாட்டு இரசாயன அறிஞர் ஓட்டோ ரோம்.

இவர் 1876-ஆம் ஆண்டு ஓரிங்கன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் மருந்துக் கடையில் உதவியாளராக இருந்து, பின்னர் பல்கலைக்கழகம் சென்றார். அக்ரிலிக் அமிலத்தின் பலபடிகளை ஆராய்ந்து 1901-இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் அந்த ஆராய்ச்சியால் உடனே பயன் விளையவில்லை.

ரோம் சோர்ந்துவிடவில்லை. அக்காலத்தில் தோலை மென்மையாக்க நாயின் மலத்தைப் பயன்படுத்தினர். அதற்கு மாற்றாகக் கணைய நொதியைக் கொண்டு ஒரு மருந்தைக் கண்டார். 1907-இல் நண்பர் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து தொழில் தொடங்கினார். அதில் வந்த பொருள் அவருடைய பழைய கனவுக்குத் துணையாயிற்று.

மெதில் மெதாக்ரிலேட் என்பது நீர் போன்ற தெளிந்த திரவம். அதன் மூலக்கூறுகள் உதிரிப் பூக்களைப் போன்றவை. வெப்பமோ ஒளியோ பட்டால் அவை ஒன்றோடொன்று இணைந்து நீண்ட சரங்களாகின்றன. திரவம் இறுகித் திடப்பொருளாகிறது. அப்போது வெப்பம் வெளிப்படும். கன அளவும் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அவசரப்பட்டால் குமிழிகள் தோன்றித் தகடு பாழாகும். எனவே ரோமும் அவருடைய உடன் உழைத்தவர்களும் இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே அதை ஊற்றி, மெல்ல மெல்ல இறுகவிட்டனர். 1933-இல் அது பிளெக்ஸிகிளாஸ் என்னும் பெயருடன் வெளிவந்தது. பட்டம் பெற்று 32 ஆண்டுகள் கழிந்திருந்தன!

1939 செப்டம்பர் 17-ஆம் நாள் ரோம் மறைந்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டிருந்தது. அவர் கண்ட பொருள் போர் விமானங்களின் சன்னல்களாயிற்று. இங்கிலாந்திலும் இதே பொருளாலான விமானச் சன்னல்கள் உடைந்து, விமானிகளின் கண்களில் துண்டுகள் பாய்ந்தன. ஆனால் கண் அவற்றைப் பகையாகக் கருதாததை டாக்டர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். 1949-இல் லண்டனில், கண்புரை நீக்கிய ஒரு பெண்மணியின் கண்ணுக்குள் அப்பொருளாலான வில்லையை வைத்தார். இன்று கண்புரை நோயாளிகளுக்கு வைக்கப்படும் வில்லைகளுள் பல அக்ரிலிக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

போருக்குச் சென்ற பொருள் பார்வை தரும் பொருளாக மாறியதைக் காண ரோம் உயிரோடு இல்லை. தோழியரே, நாம் இன்று கற்பது எதற்குப் பயன்படும் என்று சலிப்படையும் வேளையில், இவருடைய 32 ஆண்டுப் பொறுமையை நினைத்துக்கொள்வோம்.