கொசுவை எண்ணிய மருத்துவர்

இமயமலைச் சாரலில் உள்ள அல்மோரா நகரில் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் ரொனால்டு ராஸ் பிறந்தார். அவருடைய தந்தையார் ஆங்கிலேயரின் இந்தியப் படையில் உயர் அதிகாரியாக விளங்கியவர். பத்துப் பிள்ளைகளுள் மூத்தவரான ராஸ், எட்டு வயதில் கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அவருடைய உள்ளம் கவிதையிலும் ஓவியத்திலும் இசையிலும் தோய்ந்திருந்தது. மருத்துவம் கற்க வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். ராஸ் அரைமனத்தோடு கற்றுத் தேறினார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னைக்கு வந்தார்.

1883இல் பெங்களூரில் பணியாற்றியபோது, அவர் தங்கியிருந்த வீட்டில் கொசுத்தொல்லை மிகுதியாக இருந்தது. சன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதில் சிறு புழுக்கள் நெளிவதைக் கண்ட ராஸ் தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். சில நாள்களில் கொசுக்கள் குறைந்தன. படை அதிகாரிகளின் உணவுக்கூடத்தைச் சுற்றியிருந்த பாத்திரங்களையும் இவ்வாறே கவிழ்க்கலாம் என்று அங்கிருந்த அதிகாரி ஒருவரிடம் கூறினார். கொசுவும் இயற்கையின் படைப்பே, அதன் ஒழுங்கைக் குலைக்கலாகாது என்று அவர் மறுத்துவிட்டார். அப்போது மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு ராஸுக்கும் தெரியாது.

மலேரியா என்ற சொல்லின் பொருள் கெட்ட காற்று என்பதாகும். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் தீய காற்றே குளிர்க்காய்ச்சலுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். 1880இல் அல்ஜீரியாவில் லவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நோயாளியின் குருதியில் நுண்ணிய ஒட்டுண்ணிகளைக் கண்டார். அவை ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு எவ்வாறு செல்கின்றன என்பது மட்டும் விளங்கவில்லை. 1894இல் ராஸ் விடுப்பில் இலண்டன் சென்றபோது, பேட்ரிக் மேன்சன் என்னும் மருத்துவர் அந்த ஒட்டுண்ணிகளை நுண்ணோக்கியில் காட்டினார். கொசுவே அவற்றைச் சுமந்து செல்லக்கூடும் என்ற தம் கருத்தையும் தெரிவித்தார். அதனை மெய்ப்பிக்கும் உறுதியோடு ராஸ் 1895இல் செகந்தராபாத்துக்குத் திரும்பினார்.

ஈராண்டுகள் அவருடைய உழைப்பு பயன் தரவில்லை. எளிதில் கிடைத்த சாம்பல்நிறக் கொசுக்களையும் வரியுடைய கொசுக்களையும் நோயாளிகளைக் கடிக்கச் செய்து, பின்னர் அறுத்து ஆராய்ந்தார். ஒன்றிலும் ஒட்டுண்ணி வளரவில்லை. கொசுக்களில் பல வகைகள் உண்டு என்பதும், அவற்றுள் ஒரு வகையே மலேரியாவைப் பரப்புகிறது என்பதும் பின்னரே தெளிவாயின. 1897இன் கோடையில் நீலகிரிக்குச் சென்ற ராஸ், சீகூர் மலைச்சரிவில் தாமே மலேரியாவுக்கு ஆளானார். இறகில் புள்ளிகள் கொண்டு, வால்பகுதியைத் தூக்கியவாறு அமரும் ஒரு புதுவகைக் கொசுவையும் அப்பயணத்தில்தான் கண்டார். அனாபிலிஸ் என்று நாம் அறியும் கொசு அது.

செகந்தராபாத்தை அடுத்த பேகம்பேட்டை மருத்துவமனையில் ஆராய்ச்சி தொடர்ந்தது. விசிறி அசைந்தால் கொசுவின் நுண்ணிய உறுப்புகள் பறந்துவிடும் என்பதால், கடும் வெயிலிலும் காற்றின்றி அமர்ந்து உழைத்தார். நெற்றி வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. உசேன் கான் என்னும் மலேரியா நோயாளி, கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா பெற்றுக்கொண்டு தம் உடலைக் கொடுத்தார். புள்ளியிறகுக் கொசுக்கள் பத்து அவரைக் கடித்தன. பத்து அணா அவருக்குக் கிடைத்தது. அவருடைய வாழ்க்கையைப் பற்றி உலகம் அறிந்தது மிகக் குறைவு. அவர் உடன்பட்டிராவிட்டால் அந்தக் கண்டுபிடிப்பு இன்னும் தள்ளிப்போயிருக்கும்.

1897 ஆகஸ்ட் 20ஆம் நாள் எஞ்சிய கொசுக்களுள் ஒன்றின் இரைப்பைச் சுவரில், கரும்புள்ளிகள் நிறைந்த வட்ட வடிவ உயிரணுக்களை ராஸ் கண்டார். மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தார். அந்த அணுக்கள் மேலும் பெருத்திருந்தன. ஒட்டுண்ணி கொசுவின் உடலில் வளர்கிறது என்பது உறுதியாயிற்று. ஆகஸ்ட் 20 இன்றும் உலகக் கொசு நாளாக நினைக்கப்படுகிறது.

அடுத்த மாதமே அவரை இராசபுதனத்துக் கேர்வாராவுக்கு மாற்றினர். அங்கே மலேரியா நோயாளிகளே அரிதாக இருந்தனர். 1898இல் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்ய இசைவு கிடைத்ததும், பறவைகளுக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டார். முகமது பக்ஸ் என்னும் உதவியாளர் கொசுப்புழு தேடி நீர்நிலைகளெங்கும் அலைந்தார். அவ்வாண்டு சூலையில், ஒட்டுண்ணிகள் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், கடிக்கும்போது நலமான குருவியின் உடலில் புகுவதையும் ராஸ் நிறுவினார். மனிதரிடத்தும் இவ்வாறே நிகழ்கிறது என்பதை அவ்வாண்டின் இறுதியில் இத்தாலியின் கிராசியும் அவருடைய தோழர்களும் காட்டினர். யாருக்கு முதற்பெருமை என்பது பற்றி ராஸ் கிராசியோடு பல்லாண்டுகள் கசப்புடன் வழக்காடினார். அவருடைய பெருமைக்கு அந்த வழக்காடல் தேவையே இல்லை. 1902இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

பரிசு பெற்ற பின்னரே அவர் வாழ்வின் கடினமான பகுதி தொடங்கியது எனலாம். நோய் பரவும் வழி தெரிந்துவிட்டது. ஆனால் அரசுகள் அதன்படி செயற்பட வேண்டுமே! 1899இல் இந்தியப் பணியிலிருந்து விலகி லிவர்பூல் நகரில் ஆசிரியரான ராஸ், ஆப்பிரிக்காவின் ஃபிரீடவுன் நகருக்குச் சென்று குட்டைகளையும் தகர டப்பாக்களையும் அகற்றும் பணியைத் தொடங்கி வைத்தார். 1902இல் எகிப்தின் இஸ்மாயிலியா நகருக்குச் சூயெஸ் கால்வாய் நிறுவனம் அவரை அழைத்தது. அவருடைய அறிவுரைப்படி சதுப்புகள் தூர்க்கப்பட்டன. கழிவுநீர்க் குழிகளில் வாரந்தோறும் எண்ணெய் ஊற்றப்பட்டது. 1902இல் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேலாக இருந்த நோயாளிகள் மறு ஆண்டில் இருநூற்றுச் சொச்சமாகவும், 1905இல் நாற்பதுக்கும் கீழாகவும் குறைந்தனர்.

இந்தியாவில் நிலைமை வேறாயிற்று. இலாகூர் அருகே மியான் மீர் என்னும் படைமுகாமில் 1902 முதல் சில ஆண்டுகள் கொசு ஒழிப்புச் சோதனை நடைபெற்றது. வாய்க்கால்கள் நிறைந்த அவ்விடத்தில் நோய் எதிர்பார்த்தபடி குறையவில்லை. கொசு ஒழிப்பு இந்நாட்டுக்கு ஒவ்வாது, கொயினா மருந்து கொடுப்பதே போதும் என்று அதிகாரிகள் பலர் முடிவு கட்டினர். ராஸ் சினந்தார். சிறிய பரப்பில் சிறிதளவு பணத்தைச் செலவிட்டுவிட்டு, வெளியிலிருந்து கொசு பறந்து வருவதை எண்ணாமல் முறையையே பழிப்பது தவறு என்று வாதிட்டார். 1909இல் சிம்லாவில் கூடிய மலேரியா மாநாட்டிலும் இச்சோதனை விவாதிக்கப்பட்டது. எனினும் நாடு தழுவிய கொசு ஒழிப்புத் திட்டம் அப்போது உருவாகவில்லை.

கொசுக்களை முற்றிலும் அழிக்க இயலாது என்பதே எதிர்ப்பாளர்களின் வலுவான வாதம். அதற்கான விடையை ராஸ் கணக்கில் தேடினார். 1907இன் இறுதியில் அவர் மொரீசியசுக்குச் சென்றார். கரும்புத் தோட்டங்களில் உழைக்க இந்தியாவிலிருந்து சென்ற மக்கள் பெருந்தொகையினராக வாழ்ந்த தீவு அது. அவர்களுள் தமிழரும் பலர். 1860களில் அங்குப் பரவிய மலேரியா பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. மலேரியா வந்த குழந்தைக்கு மண்ணீரல் வீங்கும். ஆகவே ஆயிரக்கணக்கான குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எந்த ஊரில் நோய் எவ்வளவு என்று கணக்கிட்டனர்.

ராஸின் கணக்கு இவ்வாறு சென்றது. பிறக்கும் கொசுக்கள் எல்லாம் மனிதரைக் கடிப்பதில்லை. கடிப்பவற்றுள் சிலவே நோயாளியைக் கடிக்கின்றன. அவற்றுள்ளும் ஒட்டுண்ணி முதிரும்வரை உயிரோடிருப்பவை சில. அவை இன்னொருவரையும் கடித்தாக வேண்டும். எனவே கொசுக்களின் எண்ணிக்கை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால், ஒரு நோயாளியிடமிருந்து மற்றொரு நோயாளி உண்டாவது அரிதாகும். நோய் தானே தேயும். கடைசிக் கொசு வரை கொல்ல வேண்டியதில்லை. 1910இல் வெளியிட்ட மலேரியாத் தடுப்பு நூலில் இக்கருத்தை அவர் விரிவாக எழுதினார். தொற்றுநோய்களைக் கணிதத்தால் ஆராயும் துறைக்கு அடிகோலியவர்களுள் ஒருவராக இன்று அவர் போற்றப்படுகிறார்.

1932 செப்டம்பர் 16ஆம் நாள் ராஸ் இலண்டனில் மறைந்தார். இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாயினர். எட்டு லட்சம் பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீடுதோறும் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டது. 1958இல் அது ஒழிப்புத் திட்டமாக மாறியது. 1960களின் நடுவில் நோயாளிகள் ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தனர். நோய் ஒழிந்தது என்ற எண்ணத்தில் கண்காணிப்பு தளர்ந்தது. கொசுக்களும் மருந்தைத் தாங்கப் பழகின. 1976இல் நோயாளிகள் அறுபத்து நான்கு லட்சத்தைக் கடந்தனர். மறு ஆண்டு திட்டம் திருத்தி அமைக்கப்பட்டது. எங்கும் ஒருபடித்தாகத் தெளிப்பதை விடுத்து, ஆண்டில் ஆயிரம் பேருக்கு இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் நோயுற்ற பகுதிகளை எண்ணிக் கண்டறிந்து, முதலில் அங்கே மருந்து தெளிக்கத் தொடங்கினர்.